விளையாட்டு என்று யார் சொல்லலாம்?

ஆனைக்கரை என்ற பெயருடைய ஊர் பாலக்காட்டுப் பக்கத்திலும் ஒன்று உண்டு. நான் பிறந்து வளர்ந்தது இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், குமுளியிலிருந்து மூணாற்றுக்குப் போகும் சாலையில், தமிழும் மலையாளமும் ஒரே தேநீர்க் கடைப் பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் மற்றோர் ஆனைக்கரை. ஊரிலிருந்து சிறிது தூரம் நடந்து செல்லார்கோவிலுக்குப் போனால் மலை அங்கே சட்டென்று முடிந்து, கம்பம் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். பகலில் வயல்களும் தென்னந்தோப்புகளும் கட்டம் கட்டமாகத் தெரிவதும், இரவில் கம்பமும் கூடலூரும் வெறும் விளக்குப் புள்ளிகளாகி, அப்புள்ளிகளுக்கிடையே வண்டிகளின் ஒளி ஊர்ந்து செல்வதும், அந்நாளில் எனக்குப் புதிதாக அறிமுகமாகியிருந்த வீடியோ கேமின் திரையையே நினைவூட்டின. மேலிருந்து பார்க்கிறவனுக்கு மனிதர்கள் இப்படித்தான் தெரிவார்கள் போலும் என்று எண்ணி, அந்த எண்ணத்தில் ஒருவிதக் கர்வமும் அடைந்தேன்.

அந்தக் கர்வம் 1994ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அழிந்தது. என் பால்ய சிநேகிதன் ஒருவனுடைய தகப்பனார் ஜீப்பு ஓட்டுபவர். விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதும், பொழுது சாயும் நேரத்தில் அவர்களை ஊரில் இறக்கிவிட்டுத் திரும்புவதும் அவருடைய நித்திய வேலை. அன்று ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வருகையில், கம்பம்மெட்டு மலைப்பாதையின் வளைவு ஒன்றில், மூடுபனியில் ஜீப்பு உருண்டு அவர் இறந்துபோனார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் அவருடைய மனைவி, காலையில் ஏலக்காய் எடுக்கப் போனபோது தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள். துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர், தோளில் மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டைச் சரிசெய்துகொண்டு, “எல்லாம் ஆண்டவன் வெளையாட்டு தாயி, நாம என்ன செய்ய முடியும்?” என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தாயின் அழுகை ஒரு கணம் நின்றதையும், அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையையும் நான் கண்டேன். விளையாட்டு என்றால் ஆடுகிறவன் யார், அடிபடுகிறவன் யார் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. அன்று முதல் இன்று வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, நான் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் அந்தக் கேள்வியோடுதான் ஆடி வந்திருக்கிறேன்.

அந்தப் பெரியவரின் வாயில் அச்சொல் தற்செயலாக வந்துவிடவில்லை. மதுரையில் சொக்கநாதப் பெருமான் நிகழ்த்திய 64 அற்புதங்களைப் பரஞ்சோதி முனிவர் பாடிய நூலுக்குத் திருவிளையாடற் புராணம் என்றே பெயர். வைணவ ஆசாரியர்கள் பரமபதத்தை நித்திய விபூதி என்றும், நாம் பிறந்து உழலும் இந்தப் பிரபஞ்சத்தை லீலா விபூதி என்றும் வழங்கினார்கள். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்து முதற் பாதத்தில் இந்த விசாரம் முறையாகவே எழுப்பப்படுகிறது: பிரயோஜனம் ஒன்றைக் கருதாமல் எவரும் ஒரு காரியத்தைத் தொடங்குவதில்லை, பரிபூரணனான ஈசுவரனுக்கோ அடைய வேண்டியது ஒன்றும் இல்லை, அப்படியானால் சிருஷ்டி எதற்காக? உலகத்தில் காண்பது போன்ற வெறும் லீலையே என்பது சூத்திரகாரர் தரும் விடை. ஆசைகளெல்லாம் நிறைவேறிய அரசன் ஒரு தேவையும் இன்றி விளையாடுவதையும், நாம் யாதொரு நோக்கமும் இன்றி மூச்சு விடுவதையும் சங்கரர் தம் பாஷ்யத்தில் திருஷ்டாந்தமாகக் காட்டுகிறார். உடனே அடுத்த ஆட்சேபமும் வருகிறது: ஒருவனைச் சுகத்திலும் ஒருவனைத் துக்கத்திலும் வைக்கும் கடவுளுக்குப் பட்சபாதமும் குரூரமும் உண்டாகாவோ? அவரவர் கர்மத்தை அனுசரித்தே அவன் படைக்கிறான் என்று அதற்குச் சமாதானம் சொல்லப்படுகிறது. சைவ சித்தாந்திகளோ, ஐந்தொழிலும் உயிர்களின் மலம் நீங்கும் பொருட்டு அவன் கருணையால் இயற்றுவன என்பார்கள்.

இந்தச் சமாதானங்கள் மகான்களின் வாக்குகள். நான் அவற்றின் முன் தலை வணங்குகிறேன். ஆயினும் லயத்து வாசலில் தலைத்துண்டோடு உட்கார்ந்திருந்தவளின் காதில் இவற்றில் எதைச் சொன்னாலும் அது அவளைச் சேர்ந்திருக்காது. ஏன் சேராது என்பதை எனக்குக் கற்பித்தவை நூல்களைக் காட்டிலும் ஆட்டங்களே.

நான் முதலில் ஆடியது திரையில் அன்று. கம்பத்தில் எங்கள் அப்பத்தா வீட்டில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்து, தாயக்கட்டையை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி ஆடினோம். ஏணியில் ஏறினால் புண்ணியம், பாம்பு தீண்டினால் பாவம். இந்த ஆட்டமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, பாவ புண்ணியக் கணக்கைப் படிப்படியாக உதறிவிட்டு, வெறும் குழந்தைகளின் பொழுதுபோக்காக உலகெங்கும் பரவியது. பரமபதத்தில் ஆடுகிறவன் செய்வதற்கு ஒன்றுமில்லை; கட்டை விழுந்தபடி காய் நகரும். உச்சியை நெருங்கிய என் காயை ஒரு பெரிய பாம்பு விழுங்கி அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நான் அழுதேன். அப்பத்தா என் தலையைத் தடவி, “மறுபடி உருட்டுடா ராசா” என்றாள். விதியின் முன்னே மனிதனுக்கு மிஞ்சியிருப்பது மறுபடி உருட்டுவதுதான் என்பது அந்த ஆட்டத்தின் உபதேசம். சிறுவனுக்கு அது போதுமானதாக இல்லை.

அதன் பிறகு வீடியோ கேம் வந்தது. ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட விளையாட்டுக் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள், 90களில் நம் ஊர்ச் சந்தைகளில் மலிவாகக் கிடைத்தன. எங்கள் கடைவீதியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்றில் அப்படி ஒன்றை வாங்கி வைத்து, மணிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஆடவிட்டார்கள். கேசட் என்று நாங்கள் சொன்ன அந்த மஞ்சள் நிறக் கட்டையை வாயருகே வைத்து இரண்டு முறை ஊதி, கருவியில் அழுத்திச் செருகுவது ஒரு சடங்கைப் போலவே நடைபெறும். ஊதினால்தான் படம் வரும் என்ற நம்பிக்கை எங்களில் ஒருவருக்கும் குலையவில்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோவை அங்கேதான் ஆடினேன். அந்த மாரியோவைப் படைத்த மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகே சோனோபே என்ற மலையோர ஊரில் குகைகளையும் காடுகளையும் சுற்றித் திரிந்த பால்யத்தின் நினைவுகளைத் தம் ஆட்டங்களில் வைத்தார் என்று பிற்காலத்தில் படித்தபோது, பள்ளங்களும் பொந்துகளும் நிறைந்த மலையில் வளர்ந்த எனக்கு அவை ஏன் அவ்வளவு சொந்தமாகத் தோன்றின என்பது விளங்கியது.

ஆனால் நானும் என் சிநேகிதனும் எங்களை மறந்து ஆடியது கொன்ட்ரா. இரண்டு வீரர்கள் ஒன்றாக ஓடிச் சுட்டு முன்னேறும் ஆட்டம் அது. ஆளுக்கு மூன்று உயிர். முதல் ஆட்டக்காரனின் வீரன் நீல நிறக் கால்சட்டையும், இரண்டாமவனுடையவன் சிவப்பும் அணிந்திருப்பார்கள். கடையிலிருந்ததோ கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. நீலமும் சிவப்பும் அதில் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டதால், இருவரும் ஒரே இடத்தில் நெருங்கிவிட்டால் இன்னவன் நான், இன்னவன் அவன் என்று தெரியாது. குண்டு வருகிறதென்று நான் பொத்தானை அழுத்தித் தாவுவேன். தாவிய வீரன் பிழைத்து, நின்ற வீரன் சாவான். செத்தவன் யார் என்று அடுத்த விநாடியில்தான் இருவருக்கும் விளங்கும். நானாக எண்ணி நான் காக்க முயன்றது அவனை. அவனாக எண்ணி நான் கைவிட்டது என்னை. வேதாந்தம் என்ற சொல்லைக் கேள்விப்படாத வயதில், ஐந்து ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த அத்வைத பாடம் அது.

தகப்பனார் இறந்து ஒரு மாதம் கழித்து அவன் மறுபடி கடைக்கு வந்தான். கொன்ட்ராவில் ஒரு விசேஷம் உண்டு: தன் உயிர்களெல்லாம் தீர்ந்தவன் பொத்தானை அழுத்தினால், கூட ஆடுகிறவனின் கையிருப்பிலிருந்து ஓர் உயிர் அவனுக்கு வந்துவிடும். வழக்கமாக இதற்காக எங்களுக்குள் பெரிய சண்டை நடக்கும். அன்று அவன் உயிர்கள் சீக்கிரமே தீர்ந்துபோயின. அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவன் பொத்தானை அழுத்தினான். அவனுடைய வீரன் மறுபடி வந்து குதித்தான். திரையைப் பார்த்தபடியே அவன் சொன்னான்: “எங்கய்யாவுக்கு யாருமே குடுக்கலயேடா.” அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டத்தில் உயிருக்குக் கையிருப்பு உண்டு. ஒருவன் சேமித்தது இன்னொருவனுக்கு உதவும். ஆகையால் அங்கே சாவை விளையாட்டு என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. கையிருப்பு இல்லாத இடத்தில் அந்த உரிமை யாருக்கு?

கல்லூரிக் காலத்தில் நான் டெட்ரிஸ் என்ற ஆட்டத்தின் பக்தனானேன். இன்றும் உலகத்தில் உள்ள ஆட்டங்களில் எது பரிசுத்தமானது என்று கேட்டால் அதையே சொல்வேன். மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் அதைச் செய்தார். அவருடைய எலெக்ட்ரோனிக்கா 60 என்ற கணினியால் சித்திரம் வரைய இயலாது. ஆகவே அடைப்புக் குறிகளைச் சேர்த்து வைத்தே கட்டங்களை உண்டாக்கினார். நந்நான்கு கட்டங்களாலான ஏழே உருவங்கள் மேலிருந்து விழுந்துகொண்டிருக்கும். அவற்றைத் திருப்பி அடுக்கி வரிசை நிரப்பினால் வரிசை மறையும். அதில் சத்துரு இல்லை, சாவு இல்லை, யாரையும் காப்பாற்றவோ வீழ்த்தவோ வேண்டியதில்லை. உருவங்கள் தோன்றி, பொருந்தி, மறைகின்றன, அவ்வளவுதான். முடிவே இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்ட அந்த ஆட்டத்தை, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், நிண்டெண்டோ கருவியில், இயந்திரமே திகைத்து உறைந்துபோகும் எல்லை வரை ஆடிக் காட்டினான். அரசனின் கேளிக்கை என்றும் மூச்சு என்றும் சங்கரர் சொன்ன லீலை டெட்ரிஸைப் போன்றதாக இருக்குமானால், அதில் எவருக்கும் ஆட்சேபம் இராது. விழுகின்ற கட்டைக்கு வலிக்காது. பரமாத்மா ஆடும் ஆட்டத்திலோ காய்களுக்கு வலிக்கிறது, அதுதான் சங்கடம்.

இந்தச் சங்கடத்தின் நடுவில் எனக்கு ஒரு வழி திறந்தது, உத்தமபாளையத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில், பாடம் முடிந்த பிறகு ஆடக் கிடைத்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற ஆட்டத்தினால். ஜார்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர், தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் பிடித்து, அதைப் பார்த்து ஒவ்வோர் அசைவாக வரைந்து, 1989இல் வெளியிட்ட ஆட்டம் அது. நிலவறையில் அடைக்கப்பட்ட இளைஞன் ஒருவன், 60 நிமிஷத்துக்குள் முட்களையும் வெட்டுக் கத்திகளையும் தாண்டி மேலே ஏறி இளவரசியை மீட்க வேண்டும். வழியில் அவனை ஒரு கண்ணாடி மறிக்கிறது. ஓடிவந்து அதில் பாய்ந்தால்தான் மேலே போகலாம். பாய்கிற கணத்தில், கண்ணாடியின் மறுபுறத்திலிருந்து அவனைப் போன்றே ஒரு நிழல் உருவம் எதிர்த்திசையில் குதித்து ஓடிவிடுகிறது. அதன் பிறகு அந்த நிழல் அவனைத் தொடர்ந்து வருத்துகிறது. அவன் பருக வேண்டிய மருந்தை அது பருகிவிடுகிறது. அவன் தாண்டிப் போக வேண்டிய கதவை அடைத்து அவனைக் கீழே விழச் செய்கிறது. பழைய ஆப்பிள் கணினியின் நினைவகத்தில் புதிய பகைவன் ஒருவனின் சித்திரத்துக்கு இடமில்லாமல் போனதனால், நாயகனின் சித்திரத்தையே மாற்றிக் காட்டி மெக்னர் அந்த நிழலை உண்டாக்கினார். வறுமையில் பிறந்த உபாயம். ஆனால் அதில் ஒரு மகா வாக்கியம் ஒளிந்திருந்தது.

ஏறத்தாழ முடிவில், கோபுரத்தின் உயரத்தில், நிழல் வாளோடு எதிரே வந்து நிற்கிறது. இத்தனை நாள் பட்ட ஆத்திரமெல்லாம் கையில் ஏற, நான் வாளை உருவி அதை ஓங்கிக் குத்தினேன். நிழலின் உயிர் ஒன்று குறைந்தது. அதே கணத்தில் என் உயிரும் ஒன்று குறைந்தது. கைத்தவறு என்று நினைத்து மறுபடி குத்தினேன், மறுபடி குறைந்தது. நிழல் செத்தபோது நானும் செத்து விழுந்தேன். எத்தனையோ நாட்கள் இப்படியே செத்த பிறகு, ஒரு மாலையில், களைத்துப்போய், வேறு செய்வதறியாமல் வாளை உறையில் போட்டேன். நிழலும் தன் வாளை உறையில் போட்டது. நான் அதை நோக்கி நடந்தேன், அது என்னை நோக்கி நடந்தது, இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்கு அப்பால் நடக்கத் தரையே இல்லாத வெறும் ஆகாயம். துணிந்து அடி வைத்தால், வைத்த அடியின் கீழே தரை ஒவ்வொரு கல்லாகத் தோன்றிக்கொண்டே வந்தது. நான் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவு பஸ்ஸில் மலை ஏறுகையில்தான், இதே கதையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. எங்கள் மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீரெல்லாம் கடைசியில் வைகையில் சேர்கிறது. அந்த வைகை ஒரு காலத்தில் பெருகிக் கரை உடைத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் கட்டளையிட்டான். ஆளற்ற கிழவியான வந்தி, பிட்டு விற்றுப் பிழைப்பவள், என்ன செய்வாள்? சொக்கநாதர் கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டு, பிட்டைத் தின்றார், மண்ணைக் கொட்டுவது போல் கூடையையும் கொட்டினார், ஆடினார், பாடினார், தூங்கினார். வேலை நடக்காதது கண்டு சினந்த பாண்டியன் பிரம்பால் அவர் முதுகில் அடித்தான். அந்த அடி அடித்த அரசன் முதுகிலும் விழுந்தது. அவன் தேவியர், அமைச்சர், குதிரை, யானை, கருவிலிருந்த சிசு, சராசரங்கள் அனைத்தின் மேலும் விழுந்தது. திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது படலம் இது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இதை ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுகிறார்கள்.

இந்தப் படலத்தைப் பலர் ஆண்டவனின் வல்லமையைக் காட்டும் அற்புதமாகச் சொல்வார்கள். எனக்கு அது விளையாட்டின் இலக்கணமாகத் தோன்றுகிறது. ஆடுகிறவன் செல்லார்கோவில் உச்சியில் நின்று கீழே புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவன் இறங்கி வந்து, கூடையைத் தலையில் வைத்து, அன்றாடங் கூலியாக, சோம்பேறி என்ற பெயரும் வாங்கி, முதுகில் அடியும் வாங்கினான். அவனை அடித்தால் அனைவருக்கும் வலிப்பது போலவே, எவரை அடித்தாலும் அவனுக்கு வலிக்கும் என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. கம்பம்மெட்டு வளைவில் ஜீப்பு உருண்டபோது ஆண்டவன் எங்கே இருந்தான் என்று கேட்டால், இந்தப் படலத்தை நம்புகிறவன் தரக்கூடிய ஒரே நேர்மையான விடை, அவன் அந்த ஜீப்பில் இருந்தான் என்பதே.

அவதாரம் என்ற சொல்லுக்கும் இறங்கி வருதல் என்பதே பொருள். இன்று திரையில் ஆடுகிறவனின் உருவத்துக்கு உலகம் முழுவதும் இந்த நம் சொல்லே வழங்குகிறது. 1985இல் ரிச்சர்ட் காரியட் தம் அல்டிமா வரிசையின் நான்காம் ஆட்டத்தில், அரக்கனைக் கொல்வதை விடுத்து, உண்மை, கருணை, தியாகம், அடக்கம் முதலான எட்டுக் குணங்களில் நிறைவடைவதையே இலட்சியமாக வைத்து, அதை அடைந்தவனுக்கு அவதார் என்று பெயரிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பழைய ஆட்டத்தைத் தேடிப் பிடித்து ஆடினேன். அதில் கண் தெரியாத மூலிகைக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் சரக்கு வாங்கினால் காசை நாமே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் அவளுக்குத் தெரியாது. ஆனால் நம் குணக் கணக்கில் அது குறைந்துவிடும். ஏறக்குறைய அதே காலத்தில் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தின் ஹேபிடாட் என்ற ஆட்டத்தைச் செய்தவர்கள், திரையில் நடமாடும் உருவத்துக்கே அவதார் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பொருளே நிலைத்தது. ஆயினும் உடம்புக்குள் இறங்காமல், அடியை வாங்காமல், வெறும் உருவத்தை மட்டும் அனுப்பி வைப்பதை நம் முன்னோர் அவதாரம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

எனவே என் ருசியும் காலப்போக்கில் ஒரு வழிக்கு வந்தது. எதிரே விழுகிறவனைக் கணக்கு எண்ணாக மட்டும் காட்டும் ஆட்டங்கள், எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், எனக்குச் சலித்துவிட்டன. பணம் வைத்து ஆடுவதை நான் விளையாட்டென்றே ஒப்பமாட்டேன். வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்தார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. தருமபுத்திரன் செய்த பிழை தோற்றது அன்று. தம்பியரையும் திரௌபதியையும் பணயமாக வைத்ததே. தான் ஆடி, வலியைப் பிறர் தலையில் வைப்பவன் சூதாடி. தான் ஆடி, வலியையும் தானே ஏற்பவன்தான் விளையாடுகிறவன். இரண்டுக்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே என்பது என் தீர்மானம்.

அண்மையில் நான் மிகவும் நேசித்த ஆட்டம் கனடாவில் வாழும் தமிழர் ஒருவரின் தலைமையில் உருவாகி 2023 ஜூலையில் வெளிவந்த வெண்பா. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, தன் தாய் கொடுத்த சமையற் குறிப்பேட்டின் எழுத்துகள் அழிந்துபோன இடங்களை நினைவாலும் ஊகத்தாலும் நிரப்பி, இட்லியும் புட்டும் செய்வதுதான் ஆட்டம். தாய்மொழியிலிருந்து விலகிப் போகும் மகனைச் சுற்றியதுதான் கதை. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் திரைக்கலைக் கழகமான பாஃப்டா அதற்கு முதற்படைப்புக்கான விருதை வழங்கியது. அதில் புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப் பூவுமாக அடுக்கும்போது, வந்தியின் பிட்டைக் கூலியாகப் பெற்ற ஆண்டவன் நினைவுக்கு வந்தான். அந்தத் தாயின் தனிமை திரையைக் கடந்து என் நெஞ்சில் வந்து விழுந்தது.

என் சிநேகிதனின் தாய் இன்றும் ஆனைக்கரையில்தான் இருக்கிறாள். தோட்ட வேலையாலேயே மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது அவளைப் பார்த்தேன். வாசல் திண்ணையில் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள், பேச்சு எங்கெங்கோ சென்று பழைய நாட்களுக்கு வந்ததும், கையிலிருந்த காயை முறத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள்: “அவன் வெளையாடுனான்யா. நானும் விடாம கூடவே வெளையாடுனேன். மூணையும் கரை சேத்துட்டேன்ல?” முப்பது ஆண்டுகளுக்கு முன்னே வெள்ளைத் துண்டுக்காரர் சொன்ன அதே சொல்தான், ஆனால் அவர் வாயில் அது கதவை அடைப்பதாக இருந்தது, இவள் வாயில் அது வெற்றி முழக்கமாக இருந்தது. நான் இத்தனை நூல்களிலும் இத்தனை ஆட்டங்களிலும் தேடிய விடையை அவள் ஏலக்காய்க்கு நடுவே உட்கார்ந்து சொல்லிவிட்டாள். உலகம் ஆண்டவனின் விளையாட்டு என்பது பொய்யன்று. ஆனால் அது அடிபட்டவன் தன் வாயால் சொல்வதற்குரிய உண்மை. பிறர் அதை அவனுக்கு எடுத்துச் சொல்லும்போது அது பிரம்படியாகிவிடுகிறது.

ஆகையால் வாசகர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. நாளை நீங்கள் ஒரு துக்க வீட்டுக்குப் போக நேர்ந்தால், எல்லாம் அவன் விளையாட்டு என்று சொல்லாதீர்கள். அந்த வீட்டில் தண்ணீர் இருக்கிறதா, அடுப்பு எரிந்ததா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பாருங்கள். சுமக்க ஒரு கூடை அங்கே எப்படியும் இருக்கும். அதை எடுத்துத் தலையில் வையுங்கள்.